வாயைத் திற, பேரைச் சொல்லு

தோட்டத்து டிரெசர் வேலை என்பது, விடிவதற்கு முன்னால் எழுந்து ஊருக்கு நல்லது செய்யப் போய், விடிந்ததும் ஊரிடம் திட்டு வாங்குகிற வேலை. இதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர டிரெசர்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெசராக, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டரின் உதவியாளாக இருந்தேன். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வருவார். அவர் வராத நாளெல்லாம் நான்தான் டாக்டர். வயிற்றுவலி, பூரான் கடி, பிரசவம், புருஷன் பெண்டாட்டி சண்டையில் உடைந்த மண்டை, எல்லாம் என் தலையில்தான் விடியும்.

நான் யாழ்ப்பாணத்து ஆள். தோட்டத்து ஆட்கள் சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். என் பேச்சைக் கேட்டு முதல் மாதம் முழுக்கச் சிரித்தார்கள். பிறகு நான் கொய்னா கொடுக்க ஆரம்பித்தேன். சிரிப்பு நின்றது.

பெரட்டுக் களத்தில் ஒரு வாளி

மலேரியாக் காய்ச்சல் அந்தக் காலத்தில் ஆளை மரத்தடியிலேயே சாய்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் கொய்னா என்ற அந்தக் கடுங்கசப்பு மருந்து. இருட்டு பிரியும் முன்பே ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பேர். அந்தப் பெரட்டுக் களத்தில் நான் கொய்னாத் தண்ணீர் வாளியோடு நிற்பேன். ஆளுக்கு ஒரு கிண்ணம். குடிக்காதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. துரையின் உத்தரவு அப்படி.

நம் ஆட்களா சும்மா குடிப்பார்கள்? வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் துப்பிவிடுவார்கள். அந்த மரத்துக்கு மட்டும் காய்ச்சலே வந்ததில்லை. அதனால் நான் ஒரு விதி போட்டேன். குடித்தவர் என் எதிரிலேயே நின்று தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். வாய் நிறைய மருந்தை வைத்துக்கொண்டு யாரால் பேர் சொல்ல முடியும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். "வாயைத் திற, பேரைச் சொல்லு" என்பதே எனக்குப் பட்டப்பேராகிவிட்டது. புதிதாக வந்த கருப்பன் என்ற ஆள் முதல் கிண்ணத்தைக் குடித்து, பேரையும் சொல்லி, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஆள் சேக்க வந்த கங்காணி எல்லாத்தையும் சொன்னாரு. இத மட்டும் மறந்துட்டாரு, புண்ணியவான்."

கப்பலில் முளைத்த அக்கா

அஞ்சலைக்கும் மாரியாயிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள், அவ்வளவுதான். கடலைக் கண்டு அஞ்சலைக்குத் தலைசுற்றி வாந்தி எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியாயி அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாளாம். பினாங்கில் இறங்கும்போது அக்கா தங்கையாகத்தான் இறங்கினார்கள். மாரியாயி வந்த வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பிள்ளை குட்டி கிடையாது. அஞ்சலைக்குப் புருஷன் ரெங்கன் இருந்தான். ஆனால் இந்தத் தோட்டத்துக்கு வந்தபின் உண்டான இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே கலைந்துபோய்விட்டன. இரண்டு தடவையும் கடுங்காய்ச்சல், இரண்டு தடவையும் கொய்னா. காய்ச்சல்தான் கலைத்தது என்பது என் கட்சி. கொய்னாதான் கலைத்தது என்பது, ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பெண்களின் கட்சி.

மூன்றாவதாக அஞ்சலை முழுகாமல் இருந்தபோது மாரியாயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "அவளுக்கு மட்டும் கொய்னா வேணாங்க ஐயா. இந்தப் புள்ளயாச்சும் தங்கணும்" என்றாள். நான் மறுத்தேன். துரையின் உத்தரவு ஒரு பக்கம் இருக்கட்டும், காய்ச்சல் திரும்ப வந்தால் பிள்ளையோடு தாயும் போய்விடுவாளே என்று எனக்குப் பயம். அதைச் சொல்லிப் பார்த்தேன். மாரியாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "காய்ச்சல் வந்தா வரும், வராமலும் போவும். கொய்னா தெனமும் வருதே ஐயா."

காதுக்குள் வண்டு

கொஞ்ச நாளில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி சின்னத்தம்பி மாரியாயியை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தார். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கிழக்கு வரிசை மரத்தைச் சீவச் சொன்னால் மேற்கே போய்ச் சீவுகிறாள் என்று புகார். நான் அவள் காதைப் பார்த்தேன். அழுக்கில்லை, சீழில்லை. வெதுவெதுப்பான எண்ணெய் விட்டேன், தண்ணீர் பீய்ச்சினேன். என் படிப்புக்கு எட்டியதை எல்லாம் செய்தேன். "உள்ளார வண்டு பாடிக்கிட்டே இருக்குதுங்க" என்று அவள் எட்டு லயத்துக்குக் கேட்கும்படி சொன்னாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் உயரம் தெரியாது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் கத்தினாள்.

அவளுக்குச் சம்மதமில்லாமல் எண்ணெய் விட வைத்ததற்காகக் கங்காணியின் பரம்பரையையே அங்கே வைத்து ஒரு பிடி பிடித்தாள். அவர் குடையை இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கிருந்தே என்னிடம் முறையிட்டார்: "நான் திட்டுறது அவளுக்குக் கேக்கல ஐயா. அவ திட்டுறது மட்டும் எனக்கு நல்லாக் கேக்குது."

லாந்தரைத் தூக்கியபோது

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு விடிகாலை. பெரட்டில் பெண்கள் வழக்கம்போல் கொசுவுக்காகத் தலையையும் வாயையும் துணியால் சுற்றிக்கொண்டு நின்றார்கள். குடிக்க மட்டும் துணியை இறக்குவார்கள், பேரைச் சொல்வார்கள், மறுபடி மூடிக்கொள்வார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் வாயும் கிண்ணமும்தான். அன்று ஒருத்தி குடித்து முடித்து, "அஞ்சலை" என்றாள். களமே அதிர்ந்தது. துரை பங்களா நாய் குரைத்தது. அஞ்சலை பேசினால் அவள் சேலைக்கே கேட்காது. அத்தனை மெல்லிய குரல். நான் லாந்தரைத் தூக்கிப் பார்த்தேன். மாரியாயி.

முதலில் மாரியாயியாக வந்து ஒரு கிண்ணம். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்று, அஞ்சலையாக வந்து இன்னொரு கிண்ணம். அதுவரை அந்தப் பேரை முணுமுணுத்தே தப்பியிருக்கிறாள்; அஞ்சலை கிண்ணத்தைத் தொடாமலே இருட்டில் வேலைக்கு நழுவியிருக்கிறாள். பேர் சொன்னால் போதும் என்று நான் போட்ட விதிதான் அவளுக்கு வழிவிட்டிருந்தது. காதில் வண்டு பாடியதற்கும், காது மந்தமானதற்கும் காரணம் அந்த இரட்டைக் கொய்னா. கொய்னா அளவுக்கு மீறினால் காதைத்தான் முதலில் பிடிக்கும் என்று படித்தவன் நான். ஒரு பெண் தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஒரு கிண்ணத்துக்கே ஆண்பிள்ளைகள் அழுகிறார்கள்.

அவளை ஓரமாகக் கூட்டிப் போய், "உனக்கென்ன விசரோ? காது ஒரேயடியாகப் போயிருந்தால் என்ன செய்வாய்?" என்று காதருகில் கத்தினேன். அவள் பயப்படவும் இல்லை, அழவும் இல்லை. கேட்கக்கூடாத கேள்வியை நான் கேட்டுவிட்டதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ரெண்டு காது இருக்குங்க ஐயா. அவளுக்கு ஒரு புள்ளகூட இல்ல."

தெரியாதவர் யாரும் இல்லை

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. புண்ணுக்கு மருந்து கட்டும்போதும் அந்த ரெண்டு காதே மனதில் நின்றது. துரையிடம் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். சொல்லவில்லை. காது கோளாறு என்று மாரியாயிக்குக் கொய்னாவை நிறுத்தினேன். அஞ்சலையைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அவள் வரவில்லை; பெரட்டுக்கும் வரவில்லை.

பிறகு விசாரித்ததில், வரிசையில் முன்னால் நின்றவளுக்குத் தெரியும், பின்னால் நின்றவளுக்குத் தெரியும், பேரைக் குறித்த கிராணிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஒரு குடம் தண்ணீருக்கு ஊரைக் கூட்டிச் சண்டை போடுகிற லயம் அது. அந்த லயம் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அசந்துபோய்க் கங்காணியிடம், "உமக்குமா தெரியும்?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "எனக்குத் தெரியாதுங்க. தெரியக்கூடாதுன்னு லயத்துல முடிவு பண்ணியிருந்தாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு

நான் பயந்தது நடந்தது. அஞ்சலைக்குக் காய்ச்சல் வந்தது. ரெங்கன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். நல்லவேளையாக அன்று பெரிய டாக்டர் வந்திருந்தார். இந்தக் காய்ச்சலை விட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை, கொய்னாவைச் சிறுகச் சிறுக, சாப்பிட்டபின், படுக்கையில் வைத்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம். அஞ்சலை பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். ரெங்கன் கெஞ்சினான், நான் அதட்டினேன். கடைசியில் அவள் மெல்லச் சொன்னாள்: "அக்கா காதத் தின்ன மருந்து எம்புள்ளய விடுமா? அக்காவுக்குக் காது திரும்பட்டும், குடிக்கிறேன்."

பெரிய சூசாவாக, தொல்லையாகப் போய்விட்டது. காது திரும்ப நாளாகும். காய்ச்சல் அதுவரை காத்திருக்குமா? கூடவே வந்திருந்த மாரியாயியை வெளியே தள்ளிக் கூட்டிப் போய், அவள் சொன்னதைக் காதில் அப்படியே கத்தினேன். மாரியாயி உள்ளே வந்தாள். என் பக்கம் பார்த்தபடி, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நெற்றியில் போட ஈரத்துணி பிழிய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் போயிற்று. பின்னாலிருந்து அஞ்சலை தன் மெல்லிய குரலில், "அக்கா" என்றாள்.

மாரியாயி சட்டென்று திரும்பி, "என்னடி?" என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அஞ்சலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் ஒரு கரண்டி ஊற்றினேன். முழுங்கினாள். பேரைச் சொல்லு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்ததும் மாரியாயியைப் பிடித்து, "காது எப்போது திரும்பியது?" என்று கேட்டேன். அவள் காதின் மேல் கையைக் குவித்துக்கொண்டு சொன்னாள்: "என்ன கேக்குறீங்க ஐயா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சேனை

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சலை கூப்பிட்டதும் என் கண் மாரியாயியின் முகத்துக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்தே, கூப்பிட்டுவிட்டாள் என்று கண்டுகொண்டு திரும்பியிருக்கிறாள். இதை நான் அஞ்சலையிடம் சொல்லவில்லை. காய்ச்சல் மெல்ல இறங்கியது. மாரியாயியின் காதும் பின்னால் மெல்லத் திரும்பியது. ஆனாலும் வயிற்றில் பிள்ளை நிற்குமா என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. லயத்துப் பெண்கள் ரப்பர் பால் எடுக்கப் போகும் வழியில் ஆஸ்பத்திரி ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் தலையாட்டினால் போய்விடுவார்கள்.

நல்ல வெயில் நேரத்தில், ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தபோது, அஞ்சலைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பூனைக்குட்டிபோல் சின்னது. ஆனால் அழுகை ஸ்டோர் வரைக்கும் கேட்டது. ஆட்கள் பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்கள். நான் எத்தனையோ பிரசவம் பார்த்தவன், அன்றைக்குத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்து சேனை வைக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். யாரோ சீனித் தண்ணீர் கலந்து கொண்டு வந்தார்கள். நாலு பிள்ளை பெற்ற சுமங்கலியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள் என்று ஒருத்தி சொன்னாள். அது வழக்கம்தான், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மாரியாயிக்கும் அந்த வழக்கம் தெரியும். அவள் தானாகவே வாசல் பக்கம் ஒதுங்கிப் போனாள்.

அஞ்சலை கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. படுத்தபடியே, அவளிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத பெரிய குரலில், வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "என் பங்குக் கசப்பையெல்லாம் குடிச்சது அக்கா. சேனையும் அக்காதான் வைக்கும்."

அந்தத் தோட்டத்தில் மருந்து ஊற்றியது நான், ஆளைப் பிழைக்க வைத்தது லயத்துக்காரர்கள், ஆனால் கைராசிக்கார டிரெசர் என்ற பேர் மட்டும் எப்படியோ வழிதவறி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.