கம்பிக்காரி எண்ணிய ஏழாம் காந்தம்

எங்கள் சொந்தத்தில் அவளைக் கம்பிக்காரி என்றுதான் சொல்வோம். என் சித்தி மகளுக்கு மூத்த பெண். என் பெரிய அண்ணன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த வழியில் வந்தால் நான் அவளுக்குப் பெரியம்மா, இந்த வழியில் வந்தால் அத்தை. எதைச் சொல்வதென்று தெரியாமல் "இந்தாங்க" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

அவளுக்கு வேலை பூமிக்கு அடியில், ஒரு நீளச் சுரங்கத்தில். அங்கே எலக்ட்ரான் துகள்களைக் கற்றையாக்கி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓட விடுவார்கள். வழியில் பதினைந்து பெரிய காந்தங்கள். ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். அவற்றுக்கு நடுவே கற்றை நெளிந்து ஓடும்போது எக்ஸ்ரே மின்னும். அணு அசைவதைக்கூடப் படம் பிடிக்கும் மின்னலாம் அது. கற்றை சிதறிக் காந்தத்தின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் கதிர்வீச்சில் காந்தத்தின் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு காந்தத்தின் அருகிலும் சிதறலை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அத்தனைக்கும் கம்பி இழுத்தவள் இவள்.

"வீட்டுல ஒரு ஸ்விட்ச் ஆறு மாசமா எரியல. இவ பூமிக்கு அடியில போயி கம்பி இழுக்குறா" என்பாள் என் அண்ணி, அதாவது இவளுடைய மாமியார்.

அந்த வருடம் ஒன்பதாம் காந்தத்தில் சிதறல் என்று கருவி கத்தத் தொடங்கியது. பொறியாளர்கள் ஒன்பதுக்கு முன்னால் கற்றையை இப்படித் தள்ளினார்கள், அப்படித் தள்ளினார்கள். மூன்று மாதமாகியும் கத்தல் நிற்கவில்லை. மின்னலும் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒன்பதைக் கழற்றிச் சீர்செய்ய அனுப்புவது என்று முடிவானது. திரும்பி வர ஆறு மாதம்.

இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஒன்பதின் கம்பிகளைப் பிரிக்க இவள் உள்ளே போனாள். போகிற வழியில் கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் கட்டுகளை, சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல அழுத்திப் பார்ப்பது அவள் வழக்கம். ஏழாம் காந்தத்தில் கட்டு பட்டென்று ஒடிந்தது. அடுத்ததைத் தொட்டாள், அதுவும் உதிர்ந்தது. ஒன்பதுக்குப் போய்ப் பார்த்தால் புதுசு மாதிரி வளைகிறது. கதிர்வீச்சு பட்ட பிளாஸ்டிக்தான் அப்படி உதிரும். அடி ஏழில் விழுகிறது, கத்துவதோ ஒன்பது!

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருடத்துக்கு முன் ஏழுக்கும் ஒன்பதுக்கும் மட்டும் கருவி தாமதமாக வந்தது. அன்று முன்கதவுப் பக்கம் தரைக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பின்கதவு வழியாக நுழைந்து, அங்கிருந்தே எண்ணி மாட்டினாள். பதினைந்தில் பின்னாலிருந்து ஏழாவது, முன்னாலிருந்து ஒன்பதாவது அல்லவா?

மறுநாள் காலை கிரேன் வருகிறது. அடுத்த மாதம் இவளுக்கு மேற்பார்வையாளர் பதவி என்று பேச்சு வேறு. சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் நல்ல காந்தம் வெளியே போகும், ஏழு உள்ளேயே சாகும்.

"அஞ்சு வருஷமா எவனுக்கும் தெரியல. நீ ஏன் போய் மாட்டிக்கிற?" என்றான் புருஷன், ராத்திரி வீட்டில் விஷயத்தைக் கேட்டதும்.

"ஏழாம் காந்தத்துக்குத் தெரியுமேங்க."

அண்ணி குறுக்கே வந்தாள். "போய்ச் சொல்லுடி. திட்டுனா ரெண்டு காது இருக்குல்ல, கேட்டுக்க."

காலையில் கிரேன் கொக்கி இறங்கும்போது குறுக்கே போய் நின்றாள்.

"சார், ஒன்பதைக் கழட்டாதீங்க. அடி வாங்குறது ஏழு."

தலைமைப் பொறியாளர் சிரிக்கவே தெரியாத மனிதர். "கருவி பொய் சொல்லுதாம்மா?"

"கருவி சரியாத்தான் சொல்லுது சார். நான்தான் பின்கதவுல இருந்து எண்ணி, ரெண்டையும் மாத்தி மாட்டிட்டேன்."

கிரேன்காரர் மேலேயிருந்து கத்தினார்: "அப்ப நான் எதைத் தூக்குறது? உங்களையா?"

"ரெண்டையும் அளந்து பாருங்க சார். நான் சொன்னது தப்புன்னா இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டேன்."

அளந்தார்கள். சாயங்காலம் வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒன்பதுக்கு ஒரு குறையும் இல்லை. ஏழில், கற்றை நுழைகிற முனையில், சக்தி கரைந்திருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அது வெறும் இரும்புப் பெட்டிதான். இப்போதைக்குச் சரிக்கட்டிவிடலாம் என்றார்கள்.

கம்பிகளை அவளே மாற்றி மாட்டினாள். அடுத்த வாரம் கற்றையை ஓட விட்டு, இந்த முறை ஏழுக்கு முன்னால் தள்ளினார்கள். கத்தல் அடங்கியது. திரையில் மின்னலின் அளவு ஏறியது, ஏறியது, அதுவரை தொடாத உயரத்துக்குப் போய் நின்றது. கட்டுப்பாட்டு அறையே எழுந்து கைதட்டியது. கிரேன்காரர் விசில் அடித்தார்.

தலைமைப் பொறியாளர் இரண்டு தாள் நீட்டினார். ஒன்று, அவள் செய்த தவறை அவளே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய தாள். இன்னொன்று மேற்பார்வையாளர் உத்தரவு.

"முதல்ல அதை எழுது. அப்புறம் இதை வாங்கிக்க" என்றவர், கொஞ்சம் சிரித்ததாகவும் சொல்கிறார்கள்.

பதவியேற்றதும் அவள் செய்த முதல் காரியம், பதினைந்து காந்தத்திலும் ஆளுயரத்துக்கு எண் எழுத வைத்தது, இரண்டு பக்கமும். இனி எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் ஏழு ஏழுதான். என்னைத்தான் இன்னும் "இந்தாங்க" என்கிறாள்.