தொண்ணூறுக்கு மேல் இருந்தால் கத்தி

அந்த முடிதிருத்தும் கடையில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலி பஞ்சுக்கைக்காரருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கன்னத்தில் கத்தி ஓடுவதே தெரியவில்லை, பஞ்சால் துடைத்த மாதிரி இருக்கிறது என்று யாரோ ஒருவர் சொல்லப்போக, அதுவே பெயராகி இருபத்தாறு வருஷம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மற்ற இரண்டு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தாலும், அவருடைய கைக்காகப் பெஞ்சில் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களைக் கண்ணாடியில் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு மிதப்பு வரும். வரட்டுமே, உழைத்துச் சம்பாதித்த மிதப்புதானே.

போன வருஷம் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. காலையில் ஜாம் தடவிய ரொட்டியைத் தின்று, சர்க்கரை தூக்கலாக இரண்டு டீயும் குடித்துவிட்டு வந்தால், பத்தரை பதினொன்றுக்குப் பிடரியில் வேர்க்கும். விரல்கள் தந்தி அடிக்கும். நாக்கு குழறும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுவார். வேர்வை, நடுக்கம், குழறல் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பேச்சு வீடுவரைக்கும் போனது.

"ஏங்க, கொஞ்சம் வாயை ஊதுங்க" என்றாள் மனைவி.

"இதென்னடி, போலீஸ்காரன் மாதிரி?"

"ஊதுங்கன்னா ஊதுங்க."

ஊதினார். வெறும் டீ வாசம். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. குடியாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டியாவது ஆறியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு முழுக் காலை உட்கார வைத்தார்கள். குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் சர்க்கரை ஐம்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

"உங்களுக்குச் சர்க்கரை வியாதி இல்ல" என்றார் டாக்டர்.

"அப்ப சந்தோஷம்தானே டாக்டர்?"

"எங்க சந்தோஷப்படறது? சாப்பிட்டதும் உங்க உடம்பு தேவைக்கு மேல இன்சுலினைக் கொட்டுது. ஏறின சர்க்கரை அதே வேகத்துல பாதாளத்துக்குப் போயிடுது. இதுக்குச் சாப்பாடுதான் மருந்து. கொஞ்சம் கொஞ்சமா, ஆறு வேளை. இனிப்பை மட்டும் தனியாச் சாப்பிடவே கூடாது."

நர்ஸ் சர்க்கரை பார்க்கிற ஒரு சின்ன மெஷினைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் ஓரத்தில் குத்த வேண்டும். இடது கைச் சுண்டுவிரலை அவர் அதற்கு ஒதுக்கினார். மற்ற விரல்கள் வாடிக்கையாளரின் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டியவை.

மனைவி வேலையில் இறங்கினாள். அவித்த முட்டை, வறுத்த கடலை, வேகவைத்த பயறு என்று டப்பா டப்பாவாகக் கட்டிக் கொடுத்தாள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு டப்பா. பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிற சுருட்டை முடிக்காரன், அவனை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

"அண்ணே, நீங்க இப்படித் தின்னா கோழிங்க எல்லாம் சேர்ந்து ஸ்ட்ரைக் பண்ணிடும்."

முதல் மாதம் அவர் ஒரு தப்புப் பண்ணினார். நடுங்கினால் உடனே சர்க்கரை டீ. இருபது நிமிஷத்தில் எண் நூற்றுமுப்பது, ஆள் கம்பீரமாகிவிடுவார். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி அறுபது. தூக்கிவிட்ட கையே பிடித்துத் தள்ளியது. எண்களை எழுதி வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. விழும்போது கொஞ்சமாகச் சர்க்கரை, தலை தெளிந்ததும் கையோடு முட்டையோ கடலையோ. அதற்கப்புறம் கொஞ்சம் தேவலை. ஆனால் எல்லாம் ஒழுங்காகச் செய்தும், காரணமே இல்லாமல் விழுகிற நாட்களும் இருந்தன.

அப்படி ஒரு நாளில் ஒருவர் உதட்டோரத்தில் கத்தி லேசாகக் கீறிவிட்டது. முதலாளி பஞ்சுக்கைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய முதலாளியின் மகன், வயதில் சின்னவர், அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க. முடி வெட்டுங்க, யாரு வேணாங்கறா? கத்திதான் யோசனையா இருக்கு."

"மெஷின் பொய் சொல்லாது முதலாளி. தொண்ணூறுக்கு மேல இருந்தா என் கை நிக்கும். ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னாடி உங்களுக்குக் காட்டிட்டுத்தான் கத்தியைத் தொடுவேன். நீங்க மெஷினை நம்புங்க."

முதலாளி யோசித்தார். "இதுதாண்ணே கடைசி" என்றார்.

ஒன்பது நாள் ஓடியது. தொண்ணூற்றெட்டு, நூற்றுநாலு, தொண்ணூற்றொன்று. எண்பத்தேழு காட்டிய அன்றைக்குத் தானாகவே கத்தியைச் சுருட்டையிடம் கொடுத்தார்.

பத்தாம் நாள் காலையிலிருந்தே கூட்டம். வேலைக்கான நேர்காணலுக்குப் போகிற ஓர் இளைஞன் முகத்துக்குப் பூச்சு வேண்டும் என்றான். தேனும் பழமும் குழைத்துக் கையாலேயே பூசிவிட்டார். பத்தரை மணி டப்பா திறக்காமல் கிடந்தது. பூசி முடிப்பதற்குள் கோர்ட் கிளார்க் வந்துவிட்டார். பதினைந்து வருஷமாக இவர் கையில் மட்டுமே கன்னத்தைக் கொடுக்கிற மனிதர்.

"சீக்கிரம்ப்பா பஞ்சு. இன்னிக்கு நான் லேட்டாப் போனா, கேஸ் கட்டைத் தூக்கிட்டு வர ஆளில்லாம நீதிபதியே தூங்கிடுவார்."

சோப்பும் குழாயும் பின்கட்டில் இருந்தன. அங்கே போக வேண்டும், வர வேண்டும். பஞ்சுக்கைக்காரர் துண்டில் கையைத் துடைத்தார். சுண்டுவிரலைக் குத்தினார். நூற்றுநாற்பத்திரண்டு. முதலாளியிடம் காட்டினார்.

"சூப்பர்ண்ணே, பண்ணுங்க."

பிடரியில் வேர்த்தது. அவருக்குத் தெரிந்தது. மின்விசிறி ஓடவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தார், ஓடிக்கொண்டுதான் இருந்தது. உடம்பு ஒன்று சொல்கிறது, மெஷின் ஒன்று சொல்கிறது. மெஷினை நம்பச் சொன்னவரே அவர்தான். கத்தியை எடுத்தார்.

காதுக்குக் கீழே, தாடை வளைகிற இடத்தில், கத்தி ஒரு துள்ளு துள்ளியது. கிளார்க் கத்தவில்லை. வெள்ளைத் துணியில் பரவுகிற சிவப்பைப் பார்த்துவிட்டு, "என்னப்பா பஞ்சு இது" என்று மட்டும் கேட்டார். மூன்று தையல் போட வேண்டியிருந்தது.

கையில் அப்பியிருந்த ரத்தத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி குத்திப் பார்த்தார். ஐம்பத்துநாலு. கடலையைக் கையில் எடுக்கக்கூட இல்லை, மெஷினைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி ஓடினார்.

"தேன் முதலாளி! விரல்ல தேன் இருந்திருக்கு. அந்தத் தேனைத்தான் அது சர்க்கரைன்னு காட்டியிருக்கு. இப்பப் பாருங்க, இதுதான் நிஜம்."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, அன்னிக்கு மெஷினை நம்புங்கன்னீங்க. இன்னிக்கு அதை நம்பாதீங்கங்கறீங்க. நான் எதைத்தான் நம்பறது, சொல்லுங்க? முதல்ல உட்காருங்க. உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்க."

இப்போது அவருக்குப் பின்கட்டில் வேலை. தலை கழுவிவிடுவது, எண்ணெய் தேய்த்துவிடுவது, துண்டு அலசுவது. நடு நாற்காலிக்கு சுருட்டை வந்துவிட்டான். கிளார்க் வேறு கடைக்குப் போகவில்லை. வருகிறார், இவருக்குத் தலையசைக்கிறார், கன்னத்தை சுருட்டையிடம் கொடுக்கிறார். சூடான துண்டைக் கொண்டுபோய் நீட்டும்போது பஞ்சுக்கைக்காரரின் கை அசையாமல் நிற்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை.

ஆறு வாரமாக எண் ஒரு தடவைகூடத் தொண்ணூறுக்குக் கீழே போகவில்லை. எழுதி வைத்த எண்களை எல்லாம் பார்த்த மனைவி, காலையில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவு நல்லா இருக்கே, முதலாளிகிட்டக் காட்டுங்களேன்."

"காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷம்ண்ணே, உடம்பைப் பாத்துக்குங்கன்னாரு."

அவள் மூடியை அழுத்தி மூடினாள். "வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. சாயங்காலம் தண்ணி வராதாம், துண்டை எல்லாம் மத்தியானமே அலசிடணுமாம்."