தொட்டியில் சாய்ந்த தண்ணீர்

நீலகிரி கட்டபெட்டில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டரான சசிதரன், ஐந்து வருடமாக ஒரு மீன்கூடச் சாகாமல் வீட்டு மீன்தொட்டியைப் பராமரித்தவர். ஞாயிறுதோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றுவார். குளிருக்கு ஹீட்டர் போடுவார்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் விரலளவு உயர்ந்து நின்றது. ஸ்டாண்டுக்கு அடியில் அட்டை கொடுத்துச் சமன் செய்தார். இரண்டே நாளில் மறுபடியும் உயர்ந்தது. சந்தேகத்தில், சமன் பார்க்கும் ரசமட்டத்தைத் தரையிலேயே வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"ரேகா, ஸ்டாண்டு சாயலை. நம்ம ஊடுதான் சாயுது," என்றார் மனைவியிடம்.

"சுவத்துல ஒரு கீறல்கூட இல்லீங்களே!"

"இருக்கட்டும், மழையில அடி மண்ணு நகருது. கெளம்பு."

மதியமே மீன்களை வாளியில் எடுத்துக்கொண்டு கோத்தகிரியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். எவ்வளவோ சொல்லியும் பக்கத்து வீட்டுப் பொன்ராஜ் வரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டு மண் சரிந்து இரண்டு வீடுகளையும் மூடியது. பொன்ராஜை இன்னும் தேடுகிறார்கள்.