ஒன்பதாம் எண் தோட்டா

அன்று என் மகள் எத்தனை ஈயக்குண்டுகளை விழுங்கினாள்? மூன்று வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷார்ஜாவில், ரோலா பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கணவர் ஓர் அரபு வீட்டில் டிரைவர். அவருடைய முதலாளியை அர்பாப் என்போம். குளிர்காலத்தில் அவர் கடலோரச் சதுப்புக்கு வாத்து சுடப் போவார். அந்த வருடம் பெரிய காட்டு வாத்துகளும் இறங்கியிருந்தன. பெரிய வாத்துக்குப் பெரிய குண்டு வேண்டும் என்று கடிதம் கொடுத்து, கணவரைத் தோட்டாக் கடைக்கு அனுப்பினார். கணவர் என்னையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

கடையில் தோட்டாப் பெட்டிகளின் மேல் 4, 6, 9 என்று எண்கள்.

"நீதான பி.ஏ. படிச்சவ. பாத்துச் சொல்லு."

"நம்பர் கூடுனா குண்டும் பெருசாத்தாங்க இருக்கும். செருப்பு சைஸ் மாதிரி."

கடைக்கார பாய் என்னவோ சொல்ல வாயெடுத்தார். கணவர் முந்திக்கொண்டு, மேடம் காலேஜ் படித்தவர் என்று இந்தியில் பெருமையடித்தார். பாய் சிரித்துவிட்டு ஒன்பதை எடுத்துக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கணவரின் முகம் வாடிவிடுமோ என்று கேட்கவில்லை.

எண் கூடினால் குண்டு சிறுக்கும். ஒன்பது என்றால் கடுகளவு; ஒரே தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சதுப்பில் பெரிய வாத்துகள் அடிபட்டும் பறந்துபோயினவாம். பக்கத்தில் வந்த ஒன்றை மட்டும் நாலைந்து முறை சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள். அதை அர்பாப் கணவரின் கையில் திணித்து, "குருவி சுடுற குண்டு வாங்கிட்டு வந்த இல்ல? நீயே தின்னு, யல்லா, போ!" என்று இந்தியில் விரட்டினாராம். கணவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அர்பாப் கொடுத்ததைத் தூக்கி எறியப் பயமாக இருந்தது. இறைச்சியிலிருந்து பதினேழு குண்டுகளைப் பொறுக்கினேன். பிறகு, கைப்பழக்கத்தில், கடுகு தாளித்துக் குழம்பு வைத்தேன்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பாதிச் சோறு தீர்ந்தபின் எதையோ துப்பினாள்.

"அம்மா, கடுகு கல்லு!"

நசுக்கிப் பார்த்தேன். நசுங்கவில்லை. தட்டிலிருந்த கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நசுக்கினேன். இன்னும் இரண்டு நசுங்கவில்லை. அதற்கு முன் உள்ளே போனவை?

"அதெல்லாம் வெளிய வந்துரும். விடுடி," என்றார் கணவர்.

நான்கு நாள் அவள் மலத்தைக் குச்சியால் கிளறினேன். ஒன்று கிடைத்தது.

இப்போது அவளுக்கு ஐந்தரை வயது. அடிக்கடி வயிற்றுவலி. முகம் வெளுத்திருக்கிறது. நேற்று எழுதிய எழுத்தை இன்று மறக்கிறாள். ஈயம் குழந்தைகளின் இரத்தத்தையும் மூளையையும் கெடுக்கும் என்று கிளினிக்கில் கிடந்த பத்திரிகையில் படித்தேன். டாக்டர் பூச்சி மருந்துதான் எழுதிக் கொடுத்தார். வாத்தைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. படித்த தாய் இப்படியா செய்வாள் என்று கேட்டுவிட்டால்? ஒருவேளை வெறும் பூச்சியாகவே இருந்தால்? வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே கணவர் எழுந்து போய்விடுகிறார்.

இதைப் படிக்கும் தாய்மார்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். மூன்று வருடம் கழித்தும் இரத்தத்தைச் சோதித்தால் தெரியுமா? டாக்டரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது? தயவுசெய்து எழுதுங்கள்.