ஸ்டீரியோ முழுசு, மோனோ பாதி

எங்கள் ஊர்க் கடலின் பேச்சு இன்றுவரை ஸ்டீரியோவில்தான் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மோனோவுக்கு மாற்றுங்கள் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். மாற்றுகிற அதிகாரம் பஹ்ரைனில், ஈசா டவுனில், தன்னை ஒலி மேதை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கையில் இருக்கிறது.

ஊரில் துறைமுகக் கொட்டகையில் படகுச் சங்கத்தின் வயர்லெஸ் செட் ஒன்று உண்டு. கடலில் நிற்கும் படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதில் கேட்கும். ஈசா டவுன்காரர் ஒருமுறை லீவில் போனபோது, சங்கத்தாரிடம் கேட்டு அதோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை இணைத்து, ஒரு ஆப் வழியாக எங்கிருந்தும் போனில் கேட்கும்படி செய்துவிட்டு வந்தார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் கடலில் இருந்தால் அவன் கூடப்பிறந்தவன் வளைகுடாவில் இருப்பான். தம்பி வலை இழுக்கும்போது போடுகிற சத்தத்தை அண்ணன் ஷார்ஜாவில் கேட்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் ஆயுசு முழுக்க எல்லோரும் தன் பேச்சையே கேட்க வேண்டும் என்று நினைக்கிற ரகம் அவர்.

எனக்கு ஷார்ஜாவில், முவைலா பகுதியில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவில், போன் ரிப்பேர் கடை. கேம்ப் வைஃபையில் அந்தச் சத்தம் அறுந்து அறுந்து வருகிறது என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னிடம்தான் புலம்புவான். பார்த்தால், ஒரே ஒரு செட்டிலிருந்து வரும் குரலை ஐயா ஸ்டீரியோவில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வரும் ஒற்றைக் குரல். அதையே இடது காதுக்கு ஒரு பங்கு, வலது காதுக்கு ஒரு பங்கு என்று இரட்டிப்பு டேட்டாவில் அனுப்பினால் இணைப்பு திணறாமல் என்ன செய்யும்? ஊர் வாட்ஸப் குழுவில் இதைப் பக்குவமாகத்தான் கேட்டேன். அவர் வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னார்.

"பாய், உங்களுக்கு டிஸ்ப்ளே மாத்தத் தெரியும், சார்ஜிங் பின் மாத்தத் தெரியும். சவுண்டு வேற சப்ஜெக்ட். மோனோன்னா பாதி சவுண்டு. ஸ்டீரியோதான் ஃபுல்லு. நம்ம மக்களுக்குப் பாதிய குடுக்கச் சொல்றீங்களா?"

ஓமனில், சலாலாவில் ஹோட்டல் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உண்டு. ஈசா டவுன் தும்மினால் சலாலா 'ஆஹா' என்னும். "அண்ணன் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்று உடனே எழுதினார். அவ்வளவுதான், ஸ்டீரியோ முழுசு, மோனோ பாதி என்பது ஊரின் தீர்ப்பாகிவிட்டது. தன் வரவேற்பறையில் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு நடுவே நிற்கும் போட்டோவை ஈசா டவுன்காரர் வருஷத்துக்கு நாலு தடவை போடுவார். அந்த ஸ்பீக்கர்களின் உயரத்தைத்தான் எல்லோரும் அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தாலாவது போகட்டும். விசைப்படகுகள் ஒரு சானலில் பேசும், ஃபைபர் படகுகள் வேறொரு சானலில் பேசும். அதுவரை கொட்டகையில் இருந்த ஒரே செட் இரண்டு சானலையும் மாறி மாறித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. சங்கம் இரண்டாவது செட் வாங்கியதும் நம் மேதைக்குக் கொம்பு முளைத்துவிட்டது. இடது பக்கம் விசைப்படகு, வலது பக்கம் ஃபைபர் என்று பிரித்துவிட்டார். "இப்ப புரியுதா பாய், ஸ்டீரியோ எதுக்குன்னு?" என்று என் பெயரைக் குறிப்பிட்டே போட்டார்.

எனக்குப் புரிந்தது. அவருக்குத்தான் இங்கே டியூட்டி எப்படி நடக்கிறதென்று புரியவில்லை. சைட்டில் எங்கள் ஆட்கள் யாரும் இரண்டு காதிலும் மாட்டிக்கொள்வதில்லை. ஒரு காது போனுக்கு, ஒரு காது ஃபோர்மேனுக்கு. தொங்குகிற இரண்டாவது வயர் சேஃப்டிக்காரன் கண்ணில் பட்டுத் தொலைக்குமே என்று, புது இயர்போன் வாங்கியதும் மைக் இல்லாத பக்கத்தை வெட்டித் தரச் சொல்வார்கள். என் கடையில் எத்தனையோ பேருக்கு அப்படி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் விற்கும் மாடலில் மைக் இருப்பது இடது பக்கம். "ஒத்தக் காதுல கேக்குறவன் என்ன செய்வான்?" என்று குழுவில் கேட்டேன்.

"ரெண்டு காதுலயும் போடச் சொல்லுங்க" என்றார். சலாலா சிரிப்புப் பொம்மை போட்டது. ஏசி அறையில் சோபாவில் சாய்ந்து கேட்கிறவனுக்கு எல்லா மனுஷனுக்கும் காது இரண்டுதான்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பக்கத்து கேம்பில் இருக்கிறான், சாரம் கட்டுகிற வேலை. அவன் தம்பி ஃபைபர் படகில் போகிறவன். காலையிலும் மாலையிலும் குழுவில் ரோஜாப்பூ வணக்கங்கள் வந்து விழுவது பொறுக்காமல் இவன் எப்போதோ வெளியேறிவிட்டான். அதனால் இந்த இடது வலது சண்டை எதுவும் இவனுக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் ஊரில் காற்று மோசம். அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்து, கவுண்டரில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் போனுக்கு ஒரே ஸ்பீக்கர். இடதும் வலதும் அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒரு ஃபைபர் கவிழ்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஃபைபர் போய்த் தண்ணீரில் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டது. கவிழ்ந்தது சாரக்காரன் தம்பி போன படகுதான். அவன் குரலையே கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன்.

அந்த நேரத்தில் ஈசா டவுனிலிருந்து ஒரு மெசேஜ்: "எல்லாரும் ஹெட்போன் போட்டுக் கேளுங்க. ஸ்டீரியோவோட அருமை இன்னைக்குத் தெரியும்." ஆட்கள் தண்ணீரில் கிடந்து தவித்திருக்கிறார்கள், இவருக்குத் தன் சவுண்டு சிஸ்டத்தின் அழகு. சலாலா கைதட்டியது. காறித் துப்பலாம்போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இருக்கும், சாரக்காரன் வந்து நின்றான். டியூட்டி உடுப்பு, கையில் ஹெல்மெட், முகமெல்லாம் தூசியும் கண்ணீரும்.

"போயிட்டான் பாய்."

"யாரு?"

"தம்பி. படகு கவுந்துருச்சு. பச்சைக் கோடு போட்ட ஃபைபர், பக்கத்துல ஆளே தெரியலங்கிறாங்க. நானே கேட்டேன். எமர்ஜென்சி லீவு கேட்டுட்டு வந்துட்டேன்."

அவன் காலருக்குள்ளிருந்து ஒற்றை வயர் தொங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம். கவிழ்ந்து கிடந்த படகைத் தூரத்திலிருந்து பார்த்த விசைப்படகுக்காரன் சொன்னது மட்டும் இவனுக்குக் கேட்டிருக்கிறது. அதற்கு முன்பே ஆட்களை ஏற்றியாகிவிட்டது என்ற பேச்சு முழுக்க வலது பக்கம்.

"டேய், உசுரோட இருக்கான்டா. நான் கேட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. தப்பு அவனுடையதல்ல. இங்கே யாரும் சாவுச் செய்தியை நேராகச் சொல்வதில்லை. அப்பன் செத்திருப்பான், 'கொஞ்சம் சீரியஸ், போய்ப் பாத்துட்டு வா' என்று சொல்லி ஃப்ளைட்டில் ஏற்றிவிடுவார்கள். இவனும் ரூமில் இருந்தவர்களுக்கு முன்பு அப்படிப் பொய் சொல்லியிருக்கிறான். நானும் அதையே செய்கிறேன் என்று நினைத்தான்.

"சும்மா சொல்லாதீங்க பாய். அவன் பொண்டாட்டிகிட்ட நான்தான் சொன்னேன். அது கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு."

அவள் வீட்டிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். அங்கே படகு இன்னும் கரை சேரவில்லை, அதற்குள் சாவுச் செய்தி ஷார்ஜாவிலிருந்து போய் இறங்கிவிட்டது. அவளுக்கு நான் போன் போட்டேன், எடுக்கவில்லை. கொட்டகைக்கு ஓடி, அங்கே கேட்டு, அப்புறம்தான் அவளுக்கு உயிர் வந்திருக்கிறது. பிறகு இதையெல்லாம் எழுதி ஈசா டவுன்காரரை நியாயம் கேட்டேன். "யூசர் எர்ரர்" என்று பதில் வந்தது. ஒரு பெண் தெருவில் விழுந்து புரண்டதற்கு அந்த மனுஷனிடம் இருந்த சொல் அது. அதற்குப் பிறகு அவர் போட்டோ வந்தால் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிடுவேன்.

அன்று சாரக்காரனை நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது. பேசி முடிந்த பேச்சும் அந்த ஆப்பில் சில மணி நேரம் சேமிப்பில் இருக்கும். பின்னால் தள்ளித் தள்ளித் தேடி, இடத்தைப் பிடித்து, போனை அவன் முன்னால் வைத்தேன். முதலில் காற்று. பிறகு என்ஜின் சத்தம். அதற்குள்ளிருந்து மூச்சிரைக்க ஒரு குரல்.

"அலோ அலோ, கொட்டகையில யாரு? எங்க படகு போச்சு. ஆளுக எல்லாரும் இவங்க ஃபைபர்ல ஏறிட்டோம். யாருக்கும் ஒண்ணுமில்ல."

சாரக்காரன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான். குரல் நிற்கவில்லை.

"சார்ஜாவுல எங்கண்ணன் இதக் கேட்டுக்கிட்டு இருப்பான். எண்ணே, கேக்குதா? நான் நல்லா இருக்கேன். நீ பயந்துபோயி லீவு கீவு போட்டுட்டு வந்துறாத. எண்ணே, கேக்குதாண்ணே?"

ஏற்கெனவே பேசி முடித்த பேச்சு என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. அவன் போன்மேல் குனிந்து, அதற்குக் கேட்க வேண்டும் என்பதுபோலச் சத்தமாகச் சொன்னான்.

"கேக்குதுடா. வரலடா. நான் வரல."