முந்தானையால் துடைத்த படம்

தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து வருகிறேன். பேசாத படம் என்றால் ஆசை இன்னும் அதிகம். எல்லாம்தான் போனிலேயே வருகிறதே என்று அலுவலகத்தில் கேட்பார்கள். வரட்டும். அலமாரியைத் திறந்து ஒன்றை எடுக்கும் சுகம் அதில் கிடையாது.

திருத்தணியில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சென்னையிலிருந்து திரும்பும் ரயிலில் ஒரு டிஸ்க்கின் உறையைப் படித்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்தவர், "அதுல கடைசி பத்து நிமிஷம் இருக்காதும்மா, பாத்துக்கோ" என்றார். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மணவூரில் வீடு. என்னிடம் இருப்பதைப்போல் மூன்று மடங்கு அவரிடம் இருந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு மணவூர் சார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒரு டிஸ்க் வாங்கி வருவேன், பழையதைத் திருப்பிக் கொடுப்பேன்.

போன மழைக்காலத்தில் அவர் கொடுத்தது, பனிமலைக் கிராமத்தில் கடிதம் கொண்டுபோகும் ஒருவனைப் பற்றிய பேசாத படம். வெளிநாட்டிலிருந்து அவர் மகள் அனுப்பியது.

கல்யாணத்துக்குப் போய்வந்த பட்டுப்புடவையோடு அதைப் பார்க்க உட்கார்ந்தேன். டிஸ்க்கில் விரல் தடம் தெரிந்தது. மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். எழுந்துபோகச் சோம்பல்பட்டு, முந்தானையால் வட்டமாகத் துடைத்துவிட்டேன். படம் பாதியில் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது. எடுத்து விளக்கில் பார்த்தால், ஜரிகை இழுத்த கோடுகள்.

அடுத்த ஞாயிறு எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். பாதிப் படம் மட்டுமே பார்த்திருந்த நான், "அருமை சார்" என்றேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு மெல்லிய கோடுகள் தெரியாது.

பத்து நாள் கழித்து போன் செய்தார். "ப்ளேயர் மக்கர் பண்ணுதும்மா. அந்தப் படம் பாதியிலயே நின்னுபோவுது."

"லென்ஸ் அழுக்கா இருக்கும் சார்."

யோசித்துக்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவருடைய பழைய ப்ளேயர் வேறு சில டிஸ்க்குகளிலும் அவ்வப்போது திக்கும் என்பதால் அவர் நம்பிவிட்டார்.

அரக்கோணத்தில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். கேசட் காலத்திலிருந்தே சாருடைய பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். அவர் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். அப்போதும் படம் நின்றது. "மெஷின்ல ஒன்னும் இல்ல சார், டிஸ்க்குலதான் ஸ்க்ராட்ச் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகப் போய்ப் புது ப்ளேயர் வாங்கினார். அதில் படம் தடங்கலில்லாமல் ஓடியது. புது மெஷின்களில் சில, சின்னக் கீறலைத் தாண்டி ஓட்டிவிடும். எனக்கு அதுவும் தெரியும்.

அந்த ஞாயிறு நான் அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தேன்.

"பாத்தியா? டிஸ்க் நல்லாத்தான ஓடுது. என் லென்ஸைக் கழட்டிகினு ஏதோ பழசைப் போட்டுட்டான். இத்தினி வருஷம் பழகி, திருடிட்டான் பாரு."

"பாய் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க" என்றார் அவர் மனைவி.

"நீ சும்மா இரு. நீயே சொல்லும்மா" என்று என்னிடம் திரும்பினார்.

நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "என்ன சார் சொல்றது, காலம் அப்படி இருக்குது" என்றேன்.

அதன்பின் மூன்று மாதம் மணவூருக்குப் போகவில்லை. ஏதேதோ சாக்குச் சொன்னேன். பிறகு என் ப்ளேயரின் தட்டு திறக்காமல் மாட்டிக்கொண்டது. திருத்தணியில் அதைப் பழுது பார்ப்பவர் யாருமில்லை. அரக்கோணம் பாயிடம்தான் போக வேண்டியிருந்தது.

பெட்டியைப் பிரித்து உள்ளேயிருந்த டிஸ்க்கை எடுத்தவர் சிரித்தார். "இந்த மாதிரிப் படம் பாக்கறவரு மணவூர்ல ஒருத்தர் இருக்காரும்மா. என் பொண்ணு கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினாரு. இப்ப என்னமோ கோவம், இந்தப் பக்கமே வர்றதில்ல. ஒடம்பு நல்லாயிருக்கோ என்னவோ."

கடை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சார் அவரைத் திருடன் என்றதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆவும்? அவர்கிட்ட சொல்லுங்க."

அடுத்த ரயிலில் மணவூர் போனேன். சார் உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார். பிறகு, "டிஸ்க்குல கோடு விழுந்தா விழுந்துட்டுப் போவுது. அந்த மனுஷனை நான் திருடன்னு சொல்றேன், நீ காப்பி குடிச்சிகினு உக்காந்திருந்தியே" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

மறுநாள் காலையிலேயே அவர் அரக்கோணம் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. பாய் கூடவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாக அவர் மனைவி போனில் சொன்னார்.

இப்போதும் மாதத்தில் ஒருமுறை போகிறேன். சார் ஒரு படம் போடுவார், உட்கார்ந்து பார்ப்போம். எடுத்துப் போ என்று அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. போன வாரம் பாயும் வந்திருந்தார். எனக்காக நகர்ந்து சோபாவில் இடம் விட்டார். நான் வாசல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.