முனாப் கீறின மான்

என்ட மாப்பிள்ளைக்கு, என்னைக் கட்டின மனிசனுக்கு, கை நடுங்கும். இதை முதல்லயே சொல்லிப்போடுறன். ஏனெண்டா இதைச் சொல்லாம விட்டுத்தான் எல்லாம் நாசமாப் போனது.

அவர்ட பேர் முனாப். கிண்ணியாவில அவரைத் தெரியாத ஆள் குறைவு. திருகோணமலை டவுணுக்குப் போற பஸ்ஸில கண்டக்டரா நிண்டவர். மிதிபலகையில ஒரு கால், காத்தில ஒரு கால், "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, பஸ் என்ன வாசலோட முடியுதா?" எண்டு கத்துவார். சண்டைக்கு வாற பொம்புளையளையும் சிரிக்க வைச்சுத்தான் இறக்கி விடுவார். டவுண் பஸ் ஸ்டாண்டில முறை வரும்வரைக்கும் நிக்கக்குள்ள, கிழிஞ்ச டிக்கட்டுக்குப் பின்னால பேனையால படம் கீறுவார். அங்க திரியிற மானுகளைத்தான் கூடக் கீறுவார். மான் வாழைப்பழத் தோல் தின்னுறது, மான் பேப்பர்க் கடையில எட்டிப் பாக்கிறது, இப்பிடி. வீட்ட வந்து சட்டைப் பொக்கெட்டைக் கொட்டினா சில்லறையோட மானுகளும் விழும். தோய்க்கிறதுக்கு முதல் பாத்து எடுத்து வைக்கிறதே எனக்கொரு வேலை.

பொறகு நடுக்கம் வந்திச்சு. முதல்ல வலது கைப் பெருவிரல், பொறகு கை முழுக்க. மிச்சம் குடுக்கக்குள்ள சில்லறை கீழ விழும். ஒருநாள் பாலையூத்தடியில ஏறின ஒரு மனிசி, "கண்டக்டர் விடியவே போட்டுட்டு வந்திருக்கார்" எண்டு பஸ்ஸுக்கே கேக்கச் சொன்னாவாம். என்ட மாப்பிள்ளையை! அஞ்சு வக்தும் தொழுற மனிசனை! பனை மரத்துக்குக் கீழ இருந்து பால் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சொல்லுவாங்க எண்டு கேள்விப்பட்டிருக்கன். இந்த மனிசன் பனை மரத்தடிப் பக்கமே போகல்ல, அதுக்கும் சொன்னாங்க. கதை பஸ் முதலாளிட காதுக்குப் போய், "கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லுங்க முனாப் நானா" எண்டார். அந்தக் கொஞ்ச நாள் இண்டைக்கும் முடியல்ல.

டொக்டர் நரம்பு வருத்தமெண்டார். குளிசை தந்தார். மாறாது, கூடாமப் பாத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் எண்டார். வீட்ட வந்த மனிசன் பேனையை எடுத்து ஒரு மான் கீறிப் பாத்தார். கோழி கிளறின மண் மாதிரி இருந்திச்சு. பேனையை அலுமாரிக்கு மேல வைச்சார். அதுக்குப் பொறகு எடுக்கல்ல. நான் வாய்க்காரிதான், ஆனா அண்டைக்கு குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன்.

கட்டாரில இருந்து வந்த என்ட தம்பி றுவைஸ் ஒரு பழைய லெப்டொப்பைத் தந்திட்டுப் போனான். அதில சும்மா கிடைக்கிற படம் கீறுற சொஃப்ட்வெயார் ஒண்டைப் போட்டுக் குடுத்தான். இவர் யூடியூப்பைப் பாத்துப் பாத்து தானே பழகினார். ஒருநாள் "பரீதா, ஓடி வா!" எண்டு ஒரு சத்தம். விழுந்திட்டாராக்கும் எண்டு கையில ஒட்டின மாவோட ஓடிப் போனா, திரையில ஒரு மான் நிக்குது. உயிரோட நிக்கிற மாதிரி. கோடு ஒண்டும் நடுங்கல்ல.

"எப்பிடி?" எண்டு கேட்டன்.

"இதில கோடு இழுக்கத் தேவையில்ல. இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளி வைச்சாக் காணும். நடுவால கோட்டை அது போடும். வளைவு வேணுமெண்டா புள்ளிக்குப் பக்கத்தில இருக்கிற இந்தக் கம்பியைப் பிடிச்சு இழுக்கிறது. கை நடுங்கிப் பிழையான இடத்தில வைச்சாலும் காரியமில்ல. பொறகு இந்த அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டி மயிரிழை மயிரிழையா இடத்துக்குக் கொண்டு வரலாம்" எண்டார். சின்னப் புள்ளை மாதிரிச் சிரிக்கிறார்.

"புள்ளிமானைப் புள்ளி வைச்சே கீறிப்போட்டீங்க, கெட்டிக்காரன்தான்" எண்டு பகிடி பண்ணினன். ஆனா அல்லாவுக்குத்தான் தெரியும் எனக்கு அண்டைக்கு எவ்வளவு சந்தோசமெண்டு. அந்தச் சிரிப்பை நான் எவ்வளவு காலமாக் காணல்ல.

அந்த நேரத்திலதான் கொழும்பில இருந்து வாற சிறுவர் பத்திரிகையொண்டு போட்டி வைச்சது. ஒரு பக்கச் சித்திரக்கதை அனுப்போணும். முதலாவதா வாறவருக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு பக்கம், அவர்ட பேரோட. இவர் அதைப் பாத்த நாள் தொடக்கம் சோறு தண்ணி இல்ல. "ஒருக்கா பேர் அச்சில வரட்டும் பரீதா. குடிகாரன் எண்ட பேரைத்தானே கடைசியா என்னைப் பத்திச் சனம் கதைச்சது. இது முனாப் கீறினது எண்டு ஒருக்காக் கதைக்கட்டும்" எண்டார். அதுக்குப் பொறகு நான் பகிடி பண்ணல்ல.

கதை இதுதான். டவுண் பஸ் ஸ்டாண்டில ஒரு மான் கிண்ணியா பஸ்ஸில ஏறுது. டிக்கட் எடுக்குது. யன்னல் சீட்டில இருந்து துறைமுகத்துக் கப்பலுகளைப் பாக்குது. பசி வந்து டிக்கட்டைத் தின்னுபோடுது. கிண்ணியாப் பாலத்தடியில செக்கர் ஏறி டிக்கட் கேக்கிறார். "தின்னுட்டன்" எண்டு மான் சொல்லுது. ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. அப்ப கண்டக்டர் முன்னுக்கு வந்து, "ஓம், அது உண்மைதான், நான் கண்டனான்" எண்டு சொல்லுறார். கடைசிக் கட்டத்தில செக்கர்ட தொப்பியையும் மான் தின்னுது.

அந்தப் பக்கத்துக்கு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. முதல்ல கட்டங்கள். பொறகு பாலம் ஒரு அடுக்கு, பஸ் ஒரு அடுக்கு, ஆக்கள் ஒரு அடுக்கு, பேச்சு வாற வெள்ளைக் குமிழிகள் எல்லாத்துக்கும் மேல. மானை ஒருக்காக் கீறினாக் காணும், மத்தக் கட்டங்களுக்கு அப்பிடியே கொப்பி பண்ணலாமாம். "அப்ப பண்ணுங்களன்" எண்டன். "ஒவ்வொரு கட்டத்திலயும் அதுட மனம் வேற. காது வேற மாதிரி நிக்கோணும்" எண்டு காதைத் திரும்பத் திரும்பக் கீறினார். இடது கையால வலது மணிக்கட்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு, கிளிக், தட்டு, தட்டு, தட்டு. அரிசி புடைக்கக்குள்ளயும் எனக்கு அந்தத் தட்டுற சத்தம்தான் கேக்கும். பக்கத்துக்கு அடியில, மூலையில, "முனாப், கிண்ணியா" எண்டு சின்னதா எழுதி அனுப்பினார்.

பதில் வந்திச்சு. "உங்கள் பக்கம் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியுள்ளது." யா அல்லா! நான் சத்தம் போட்டதில பக்கத்து வீட்டு ஹுஸ்னியா வேலிக்கு மேலால எட்டிப் பாத்தாள். அச்சில வரும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு இவர் சொன்னதால, பல்லியைக் கண்டு கத்தினனெண்டு சமாளிச்சன். ஆனா மெயில் அதோட முடியல்ல. இப்ப கன ஆக்கள் கம்பியூட்டர் தானாக் கீறித் தாற படங்களை அனுப்பி ஏமாத்துறாங்களாம். இந்தப் பக்கத்துக் கோடுகள் அளவுக்கு மிஞ்சிச் சுத்தமா இருக்கிறதால சந்தேகமாம். அதால கையால கீறின பென்சில் படமொண்டை அனுப்போணுமாம்.

அவர் வேலை செஞ்ச ஃபைலையே அனுப்பினார், புள்ளியெல்லாம் தெரியுற மாதிரி. "எந்தப் படத்தையும் ஒரே பட்டனில் இப்படிப் புள்ளிகளாக மாற்றலாம். கையால் கீறியதே வேண்டும்" எண்டு திரும்பவும் வந்திச்சு.

மனிசன் கதிரையை விட்டு எழும்பப் பாத்தார். நான் விடுவனா? "பக்கத்தை பிறிண்ட் எடுத்து யன்னல் கண்ணாடியில ஒட்டி, மேல வெள்ளைத் தாளை வைச்சா, பென்சிலால நானே கீறித் தாறன். ஆருக்குத் தெரியப்போகுது?" எண்டன்.

"நான் கீறினதுக்கு நீ கள்ளச் சாட்சி சொல்லப்போறியா?"

"அப்ப வருத்தத்தைச் சொல்லுங்க. கை நடுங்குதெண்டு எழுதுங்க."

"சொன்னா என்னைப் பாவம் பாத்துத்தான் பத்திரிகையில போடுவாங்க. மானைப் பாத்துப் போடட்டும்" எண்டார். பிடிவாதம் எண்டா அப்பிடியொரு பிடிவாதம். எனக்கு வந்த கோவத்துக்கு அண்டைக்கு மீன் ஆணத்தில உப்புப் போடவும் மறந்திட்டன்.

அடுத்த நாள் காலையில குளிசை போட்டு, நடுக்கம் கொஞ்சம் குறையுற நேரம் பாத்து, அலுமாரிக்கு மேல கையை விட்டார். பேனைக்குப் பக்கத்தில கிடந்த பென்சிலை எடுத்தார். இடது கையால வலது கையைப் பிடிச்சுக்கொண்டு கீறினார். மான்ட முதுகு அலை அலையாப் போச்சு. கால் ஒண்டு உடைஞ்சது போல. முகத்தைக் கீறக்குள்ள பென்சில் ஓடி, கண்ணைக் கிழிச்சுக்கொண்டு போயிற்று. அழிச்சுத் திரும்பக் கீறினார். தாள் கிழிஞ்சுது. வேற தாள் எடுத்தார். வேர்த்து வடியுது. "காணும், விடுங்க" எண்டு நான் கெஞ்சினன். முடிச்சிட்டுத்தான் எழும்பினார். ஃபோனும் நடுங்குமெண்டு அதை நான்தான் படமெடுத்து அனுப்பினன்.

ரெண்டு வரி எழுதியிருக்கலாமே நான், இவருக்கு இப்பிடி வருத்தமெண்டு. "ஒரு சொல்லும் எழுதாத" எண்டு பக்கத்திலயே நிண்டார்.

பதில் இதுதான்: "இந்தப் பென்சில் படத்தைக் கீறியவரால் அந்தப் பக்கத்தைக் கீறியிருக்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. உங்களைப் போட்டியிலிருந்து நீக்குகிறோம். சிறுவர் பத்திரிகைக்கு நேர்மை முக்கியம்."

நேர்மையாம்! நேர்மையைப் பத்தி இந்த மனிசனுக்குப் பாடம் எடுக்கிறாங்க! இவர்ட பேச்சை அதுக்கு மேல நான் கேக்கல்ல. நம்பரைத் தேடி எடுத்து பத்திரிகை ஆசிரியருக்கே ஃபோன் அடிச்சன். இவருக்கு நரம்பு வருத்தம், கை நடுங்கும், அதாலதான் பென்சில் படம் அப்பிடி எண்டு எல்லாத்தையும் சொன்னன். அந்தாள் மரியாதையாத்தான் கதைச்சார்.

"அம்மா, கை நடுங்கிற ஒருவர் அவ்வளவு சுத்தமா எப்படிக் கீறுவார்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

"கோடு இழுக்கிறதில்ல, புள்ளிதான் வைக்கிறது" எண்டு விளங்கப்படுத்தினன். அம்புக்குறி பட்டனைச் சொன்னன். டொக்டர் எழுதின துண்டை அனுப்புறன் எண்டன். "முதலே சொல்லாம, பிடிபட்ட பிறகு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்லுறாங்க அம்மா" எண்டார். "நாசமாப் போவீங்க" எண்டு கத்தினன். அதுக்கு முதலே ஃபோனை வைச்சிட்டார். திரும்பிப் பாத்தா இவர் கதவடியில நிக்கிறார். எல்லாத்தையும் கேட்டிருக்கிறார். ஏன் அடிச்சனீ எண்டு ஏசுவார் எண்டு பாத்தன். ஏசினாலும் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். தொழப் போயிற்றார்.

அதுக்குப் பொறகு ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மூலையில இருந்த "முனாப், கிண்ணியா" எண்டதில கிளிக் பண்ணி, அதை மட்டும் அழிச்சார்.

"என்ன வேலை செஞ்சீங்க?" எண்டு பதறினன்.

"பேர் இருந்தாத்தானே சாட்சி கேக்கிறாங்க. புள்ளையள் பாத்துச் சிரிக்கட்டும்" எண்டு ஃபோனில நாலஞ்சு வாட்ஸப் குறூப்புக்கு அனுப்பினார். லெப்டொப்பை மூடித் துணியால சுத்தி அலுமாரிக்கு மேல வைச்சார். பேனையும் பென்சிலும் அங்கதான் கிடக்குது.

போன கிழமை ஹுஸ்னியா தேங்காய் கேட்டு வந்தவள், வாசல்ல நிண்டே ஃபோனை நீட்டினாள். "ராத்தா, இதப் பாருங்க! எங்கட பாலம், எங்கட பஸ், மான் டிக்கட்டைத் தின்னுது. ஆரும் கீறல்லியாம், கம்பியூட்டர் தானாக் கீறினதாம். என்ன வடிவு!"

என்ட வாய்க்குப் பயந்து கிண்ணியாவில ஆக்கள் வழி விலகிப் போவாங்க. அண்டைக்கு நான் தேங்காய் தேடுற சாட்டில திரும்பி நிண்டன். உள்ளுக்க கதிரையில இருந்த மனிசன்தான் கேட்டார்:

"வடிவா இருக்கா ஹுஸ்னியா?"

"நல்ல வடிவு நானா."

"ஓம்" எண்டார், மடியில கிடந்த கையை மத்தக் கையால அமத்திக்கொண்டு. "கம்பியூட்டர் நல்லாக் கீறும்."